முப்பதில் ஒன்று

என் மாமாவுக்குக் கடலைக் கண்டால் பயம் கிடையாது. கரையைக் கண்டால்தான் பயம். இப்படிச் சொன்னதும் வாசகர்கள் அவரை ஒரு மாலுமி என்று நினைத்துவிடக் கூடும். அப்படி ஒன்றுமில்லை. மாமா தம் ஆயுளில் கப்பலில் ஏறியதே இல்லை. தனுஷ்கோடியில் நாலு பேரோடு படகில் ஏறச் சொன்னதற்கே, "தலை சுற்றும், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டவர். ஆனால் அவருடைய சரக்கு ஏழு கடல் தாண்டிப் போயிற்று. சென்னை மண்ணடியில் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறையில் சாய்வு மேஜை போட்டுக்கொண்டு, ஆந்திர தேசத்துச் சீராலாவில் நெய்த கட்டம் போட்ட துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தத் துணிக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வைத்த பெயர் 'மெட்ராஸ் கைக்குட்டை'. கைக்குட்டை என்றதும் சட்டைப் பையில் மடித்து வைக்கிற சமாசாரம் என்று எண்ண வேண்டாம். நைஜீரியாவில் பெண்கள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார்கள்.

ஒரு வருஷம், அது நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, மாமாவின் பதினான்கு பேல் துணி ஒரு துறைமுகக் கொட்டகையில் தங்கிவிட்டது. துணியில் குற்றமில்லை, கப்பலிலும் குற்றமில்லை. ஒரு தாளில் ஒரு கையெழுத்து இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருந்தார். லீவு முடிந்து வந்தவர் இன்னொரு தாளைக் கேட்டார். அதற்குள் கப்பல் போய்விட்டது. கொட்டகையில் சரக்குக் கிடந்ததற்காக நாள் கணக்கில் வாடகை ஏறிற்று. 'டெமரேஜ்' என்று அதற்குப் பெயர். தாமதம் செய்தவர்கள் ஒருவர். தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டியவர் வேறொருவர்! பிறகு மழை வந்தது. கொட்டகைக் கூரை ஒழுகிற்று. கட்ட வேண்டிய தொகை துணியின் விலையைத் தாண்டிய அன்று மாமா கையை விரித்துவிட்டார். பதினான்கு பேலும் ஏலத்துக்குப் போயின.

"கடல் விழுங்கியிருந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்திருப்பான். கரையல்லவா விழுங்கிற்று? யாரிடம் போய்க் கேட்பது?" என்று அவர் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

மாமா காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, அந்த மண்ணடி அறையைக் காலி செய்தபோது, அவருடைய பேரேடு ஒன்று என் கைக்கு வந்தது. அதில் சீராலா நெசவாளர் குடும்பம் ஒன்றின் பெயரில் ஒரு பாக்கி நின்றது. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தத் தொகைக்கு எதிரே மாமா சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த வட்டம் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு தை மாதத்தில் சீராலாவுக்கு ரயில் ஏறினேன்.

அந்தப் பிரயாணத்தில்தான், பாக்கியைத் தேடிப் போன நான், ஒரு ராஜாவைச் சந்தித்தேன்.

சீராலாவில் எனக்கு இடம் கொடுத்தவர் அந்தக் குடும்பத்துப் பெரியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். என் அரைகுறைத் தெலுங்கும் அவருடைய அரைகுறைத் தமிழும் எப்படியோ ஒன்றுக்கொன்று கை கொடுத்துக்கொண்டன. நான் பணத்தை எடுத்து வைத்ததும் அவர் தொடவில்லை. "அந்தக் கணக்கை எங்கள் அப்பா அப்பொழுதே கிழித்துப் போட்டுவிட்டார், பாபு. கப்பல் முழுகிவிட்டது என்று உங்கள் மாமா கடுதாசி எழுதியிருந்தார். முழுகின சரக்குக்குப் பணம் கேட்கிறது எங்கள் வீட்டில் வழக்கமில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கப்பல் முழுகிற்று என்று மாமா எழுதினாரா! ஒரு கையெழுத்துக்காகப் பதினான்கு பேல் போயிற்று என்று எழுதினால் யார் நம்புவார்கள் என்று நினைத்திருப்பார். அல்லது வெட்கப்பட்டிருப்பார். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். பெரியவரோ விருந்தாளிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற உற்சாகத்தில், "கப்பல் என்றதும் நினைவு வருகிறது. பக்கத்திலே மோட்டுப்பல்லி இருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய துறைமுகமாம். கோயிலில் எழுத்து வெட்டின கல் இருக்கிறது. நீங்கள் படித்தவர், பார்க்கலாம்" என்றார்.

மறு நாள் காலை புறப்பட்டோம். சீராலாவுக்குத் தென்மேற்கே, சின்னகஞ்சாம் பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்கின்றன. அவற்றைத் தாண்டிப் போனால் ஒரு சிற்றூர். அதுதான் மோட்டுப்பல்லி. துறைமுகம் எங்கே என்று கேட்டால் மணலைக் காட்டுகிறார்கள். வீரபத்திரர் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் மண்டபத்துத் தூண் ஒன்றில், மேலிருந்து கீழ் வரை எழுத்து. அந்தத் தூணைத்தான் சரித்திரக்காரர்கள் 'அபய சாசனம்' என்கிறார்கள். ஓரங்கல்லை ஆண்ட காகதீய மன்னன் கணபதிதேவன் சக வருஷம் 1166-ல், அதாவது 1244-45-ல், சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் வெட்டிவைத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களை நமக்குப் படித்துக் கொடுத்த ஜெர்மானியப் பண்டிதர் ஹுல்ஷ்தான் இதையும் படித்து அச்சிட்டார்.

அபயம் என்ற சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ராமாயணத்தில், கடற்கரையில், விபீஷணன் வந்து நிற்கும்போது கேட்டிருக்கிறோம். உயிருக்குப் பயந்து வந்தவனுக்குக் கொடுப்பது அபயம். மிளகு மூட்டையோடும் பாக்கு மூட்டையோடும் வந்த செட்டியாருக்கு யாராவது அபயம் கொடுப்பதுண்டா? கணபதிதேவன் கொடுத்தான். ஏன் கொடுக்க வேண்டி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னான்.

அந்த நாளில் கடற்கரை அரசர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கப்பல் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் புறப்படுகிறது. நடுவில் புயல். போக வேண்டிய இடத்தை விட்டு, வேறு எங்கோ கரையில் வந்து மோதுகிறது. பாய்மரம் ஒடிந்து, பாதி ஆட்கள் செத்து, மிச்சமுள்ளவர்கள் கரையேறி மூச்சு வாங்குகிறார்கள். அந்தக் கரைக்குச் சொந்தக்காரனான அரசன் என்ன செய்வான்? வைத்தியம் பார்ப்பான், கஞ்சி ஊற்றுவான் என்று நினைப்பீர்கள். அவன் கப்பலில் இருந்த பொன், யானை, குதிரை, ரத்தினம் அத்தனையையும் தன் கஜானாவுக்கு எடுத்துக்கொள்வான். 'நீ என் ஊருக்கு வருவதாகப் புறப்படவில்லை. கடவுளாகக் கொண்டு வந்து சேர்த்தார். கடவுள் கொடுத்தது எனக்கு' என்பது நியாயம். மலையாளக் கரையில் ஏழிமலைப் பக்கம் இந்த நியாயத்தை ஜனங்கள் வாய்விட்டே சொன்னதாக மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறான்.

இது நம் நாட்டுப் பாவம் மட்டும் என்று யாரும் தலை குனிய வேண்டாம். இங்கிலாந்திலும் உடைந்த கப்பல் அரசனுக்குச் சொந்தம். 1275-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி கப்பலிலிருந்து ஒரு மனிதனோ, நாயோ, பூனையோ உயிரோடு தப்பினால் அது 'உடைந்த கப்பல்' ஆகாது. உரியவர்கள் ஒரு வருஷத்துக்குள் வந்து சரக்கைக் கேட்கலாம். ஆகவே ஆங்கிலேயக் கப்பல்காரர்களின் சொத்து ஒரு பூனையின் ஆயுளில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். பூனைக்கு ஏழு உயிர் என்று நம் பாட்டிமார் சொல்வது இந்த இடத்தில் எவ்வளவு ஆறுதல்!

அந்தச் சட்டத்துக்கு முப்பது வருஷம் முன்னாலேயே கணபதிதேவன் பூனையை எல்லாம் தேடாமல் விஷயத்தை முடித்துவிட்டான். தூணில் அவன் சொல்லியிருப்பதன் சாரம் இதுதான். முன்பிருந்த அரசர்கள், புயலால் வழி தவறி வந்து உடைந்த கப்பல்களின் சரக்கு முழுவதையும் பலாத்காரமாகப் பிடுங்கிக்கொண்டார்கள். நாமோ, உயிரைவிடப் பொருள் பெரிது என்று எண்ணிக் கடலில் இறங்குகிற இந்த மனிதர்களிடம் இரக்கம் கொண்டு, கீர்த்தியையும் தர்மத்தையும் உத்தேசித்து, நிர்ணயித்த சுங்கம் தவிர மற்ற அனைத்தையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

'உயிரைவிடப் பொருள் பெரிது என்று எண்ணுகிறவர்கள்' என்ற இடத்தில் ராஜா சற்றே புன்சிரிப்புச் சிரித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வியாபாரியைப் பற்றி அவனுக்கு மயக்கம் ஒன்றுமில்லை. தியாகி என்று புகழவில்லை. தேச சேவகன் என்று மாலை போடவில்லை. அவன் ஆசைக்காரன்தான், இருந்தாலும் கடலில் இறங்குகிறானே என்று இரங்குகிறான். அதைவிட முக்கியம், 'முன்பிருந்த அரசர்கள் பிடுங்கினார்கள்' என்று ஓர் அரசனே கல்லில் வெட்டியிருப்பது. சர்க்கார் செய்த பிழையைச் சர்க்காரே எழுதி, ஊரறியக் கோயிலில் நிறுத்துவதென்பது எந்தக் காலத்திலும் சுலபமான காரியம் அல்ல.

அடுத்தாற்போல் சுங்க விகிதம். ஏற்றுமதியானாலும் இறக்குமதியானாலும் முப்பதில் ஒன்று. அதோடு விடவில்லை. சந்தனத்துக்கு இவ்வளவு, கர்ப்பூரத்துக்கு இவ்வளவு, சீனக் கர்ப்பூரத்துக்கு இவ்வளவு, முத்துக்கு, பன்னீருக்கு, தந்தத்துக்கு, புனுகுக்கு, தாமிரத்துக்கு, ஈயத்துக்கு, பட்டு நூலுக்கு, பவளத்துக்கு, மிளகுக்கு, பாக்குக்கு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. இலக்கிய ரசிகர்களுக்கு இந்தப் பகுதி சலிப்புத் தரும். ஆனால் சாசனத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். கருணை என்பது ராஜாவின் மனசைப் பொறுத்தது; இன்று இருக்கும், நாளை அஜீரணமானால் போய்விடும். பட்டியல் அப்படி அல்ல. கரையில் இறங்குகிறவன் சுங்கச் சாவடிக்குப் போகுமுன் கோயிலுக்குப் போய்த் தூணைப் பார்த்துத் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம். சாவடிக்காரன் அதற்கு மேல் ஒரு காசு கேட்டால் தூணைக் காட்டலாம்.

கணபதிதேவனுக்கு இது ஏன் தோன்றிற்று? அவன் கடற்கரை ராஜா அல்ல. அவனுடைய தலைநகரான ஓரங்கல், இன்றைய வாரங்கல், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. 1199-ல் பட்டத்துக்கு வந்தவன், படிப்படியாகக் கிருஷ்ணை நதி முகத்துவாரப் பிரதேசத்தை வென்று, கடலுக்கு வந்து சேர்ந்தான். அவனுடைய நாட்டில் மெல்லிய பருத்தித் துணி இருந்தது. கிருஷ்ணைக் கரையில் வைரம் இருந்தது. இருந்து என்ன? வாங்குகிறவன் கப்பலில் அல்லவா வர வேண்டும்! வருகிறவனை ஒரு முறை கொள்ளையடித்தால் ஒரு கப்பல் சரக்குக் கிடைக்கும். அடிக்காமல் விட்டால் ஒவ்வொரு வருஷமும் முப்பதில் ஒன்று கிடைக்கும். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த அரசர்களுக்குத் தெரியாத இந்தக் கணக்கு, உள்நாட்டிலிருந்து புதிதாகக் கடலைப் பார்த்தவனுக்குத் தெரிந்துவிட்டது.

புதிய கணக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. கௌடல்யர் தம் அர்த்தசாஸ்திரத்தில், காற்றில் அடிபட்டு வரும் கப்பலைத் தகப்பனைப் போல் அன்போடு ஏற்க வேண்டும் என்றும், தண்ணீரில் கெட்ட சரக்குக்குச் சுங்கத்தைத் தள்ளவோ பாதியாக்கவோ வேண்டும் என்றும் எழுதித்தான் இருக்கிறார். நம் பட்டினப்பாலைப் புலவரோ காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள் சரக்குகளுக்குப் புலிப்பொறி இட்டு அனுப்பும் காட்சியை, அவர்கள் நாள்தோறும் சோர்வின்றி உழைத்ததைக்கூடச் சேர்த்து, பாடிவைத்திருக்கிறார். சுங்க உத்தியோகஸ்தரைப் புகழ்ந்த புலவர் உலக இலக்கியத்தில் வேறு யாராவது உண்டா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முதற் குலோத்துங்கன் ஒரு படி மேலே போய்ச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் எடுத்தான். அவன் காலத்தில், 1077-ல், சோழ நாட்டிலிருந்து எழுபத்திரண்டு பேர் கொண்ட தூது கோஷ்டி சீனத்துக்குப் போயிற்று. காணிக்கை என்ற பெயரில் கொண்டுபோனவை கண்ணாடிச் சாமான், கர்ப்பூரம், தந்தம், பன்னீர், பெருங்காயம், கிராம்பு. பதிலுக்குச் சீனச் சக்கரவர்த்தி செப்புக் காசுச் சரங்களாகக் கொடுத்து அனுப்பினார். ராஜதந்திரிகள் அதைத் தூது என்பார்கள். என் மாமாவைக் கேட்டால், 'நல்ல பார்ட்டி, ரொக்கமாகக் கொடுத்திருக்கிறான்' என்றிருப்பார்.

இருக்கட்டும். மோட்டுப்பல்லியின் அபயம் பலித்ததா? கணபதிதேவனுக்குப் பிறகு அவன் மகள் ருத்ரமதேவி 1262 முதல் ஆண்டாள். மார்க்கோ போலோ இந்த ராஜ்யத்தை 'முத்பிலி' என்று துறைமுகத்தின் பெயராலேயே அழைக்கிறான். ஓரங்கல்லின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை, மோட்டுப்பல்லி தெரிந்திருக்கிறது. கடல்காரர்கள் ஒரு தேசத்தை அதன் வாசற்படியைக் கொண்டுதானே அறிவார்கள்! ருத்ரமாவை முந்திய அரசனின் விதவை என்று தவறாக எழுதினாலும், அவள் நீதி தவறாதவள் என்று மனமாரப் புகழ்கிறான். வைரத்தைப் பற்றி ஒரு கழுகுக் கதை அளக்கிறான். துணியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நிதானமாகிவிடுகிறான். சிலந்திவலை போன்ற நேர்த்தி. உலகத்தில் எந்த ராஜாவும் ராணியும் அதை உடுக்கச் சந்தோஷப்படுவார்கள் என்கிறான். நான் இதைச் சொன்னபோது சீராலாப் பெரியவர் தம் கையிலிருந்த துண்டை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மேற்குக் கரையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வந்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதா, மலையாளக் கரையில் உடைந்த கப்பலின் சரக்கு அரசன் கஜானாவுக்குப் போவதே வழக்கம் என்றும், கோழிக்கோட்டில் மாத்திரம் சொந்தக்காரனே எடுத்துக்கொள்ளலாம் என்றும், அதனால்தான் அந்த ஊர் செழித்து வர்த்தகர்கள் அங்கே மொய்க்கிறார்கள் என்றும் எழுதினார். நூறு வருஷம் கழித்துப் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கே வந்தார். வியாபாரி சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடலாம். சுங்க அதிகாரிகளே இரவும் பகலும் காவல் இருப்பார்கள். விற்றால் நாற்பதில் ஒன்று. விற்காவிட்டால் ஒன்றுமே இல்லை என்று வியந்து எழுதுகிறார். சரக்கு கிடந்ததற்கு வாடகை இல்லை, கவனித்தீர்களா? கிடந்த சரக்குக்குக் காவல்! சாமூதிரிக்கு மிளகு விளையும் மலைகள் இருந்தன என்பது மெய். ஆனால் மிளகு மற்ற அரசர்களிடமும் இருந்தது. அவர்களிடம் இல்லாதது இந்தக் காவல். எல்லாருக்கும் திறந்த கதவு என்பதால் 1498-ல் வாஸ்கோ ட காமாவும் அந்த வழியாகவே நுழைந்தான். அது வேறு கதை; சோகக் கதை.

மறுபடி மோட்டுப்பல்லிக்கு வருவோம். காகதீய ராஜ்யம் 1323-ல் டில்லிப் படையிடம் வீழ்ந்தது. பிறகு அந்தக் கரை கொண்டவீட்டு ரெட்டி அரசர்கள் கைக்கு வந்தது. அவர்களில் அனபோத ரெட்டி 1358-ல் இதே ஊரில் இன்னொரு சாசனம் வெட்டினான். அதைப் பற்றி அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனெனில் தெலுங்கு அரசன் தெலுங்கு தேசத்தில் வெட்டிய அந்தச் சாசனம் தமிழிலும் இருக்கிறது! தமிழ் வியாபாரிகள் அங்கே அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அரசன் நினைத்திருக்கிறான். தன் பாஷையில் உத்தரவு போடுகிறவன் ஆளுகிறவன். வருகிறவன் பாஷையில் போடுகிறவனுக்கு அந்த வரவு நிஜமாகவே வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அதில் என்ன சொல்கிறான்? இங்கே குடியேற வரும் வியாபாரிகளை மரியாதையோடு ஏற்போம். இருக்க நிலம் தருவோம். புறப்பட நினைத்தால் தடுக்க மாட்டோம். கொண்டுவந்த சரக்கை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், பறிக்க மாட்டோம். பொன்னுக்குச் சுங்கம் இல்லை. சந்தனத்தின் சுங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. பிள்ளையில்லாமல் இறந்தவன் சொத்தை அரசன் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் ஒழிந்தது.

'புறப்பட நினைத்தால் தடுக்க மாட்டோம்' என்ற வாசகத்தின் மேல் நான் வெகு நேரம் நின்றேன். வரவேற்பு யாரும் கொடுப்பார்கள். போகலாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறவனை நம்பித்தான் ஒருவன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவான். பிள்ளையில்லாதவன் சொத்து விஷயமும் அப்படியே. அயலூரில் ஜுரம் வந்து செத்தால், தன் கடையும் பெட்டியும் ஊரிலிருக்கும் தம்பிக்கோ மருமகனுக்கோ போகாது என்று தெரிந்தால் எவன் அங்கே கடை போடுவான்? அந்தச் சாசனத்தை எழுதினவர் ஒரு வியாபாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்கு ராத்திரி எதனால் தூக்கம் வருவதில்லை, சொல்' என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. சரித்திரப் பேராசிரியர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லிவிடுகிறேன். முதல் அபயத்துக்கும் இரண்டாவது அபயத்துக்கும் இடையே நூற்றுச் சொச்சம் வருஷம். முதல் தூண் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அப்படியிருக்க, 'பறிக்க மாட்டோம்' என்று மறுபடியும் ஏன் வெட்ட வேண்டும்? நடுவில் எவனோ பறித்திருக்கிறான். கல் இருந்தது, கல்லைப் படிக்க வேண்டியவன் இல்லை. அரசன் ஓரங்கல்லில் இருந்தான், கொண்டவீட்டில் இருந்தான். கரையில் இருந்தவன் சாவடிக்காரன். வியாபாரிக்கு அவன்தான் அரசன்.

நம் காலத்து விஷயமும் இதைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நம் அரசியல் சட்டப்படி அயல்நாட்டு வர்த்தகமும் சுங்கமும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. முப்பதில் ஒன்றா, நாற்பதில் ஒன்றா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்த ராஜ்ய சர்க்காருக்கும் இல்லை. இதைக் காரணம் காட்டி, 'ஏற்றுமதிக்கு எங்களால் என்ன செய்ய முடியும்?' என்று ஒரு மந்திரி மேடையில் கையை விரித்ததை நான் கேட்டிருக்கிறேன். அனபோத ரெட்டியின் பட்டியலை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. சுங்கத்தைத் தவிர மற்றதெல்லாம் அவர் கையில்தானே இருக்கிறது? நிலம் அவர் கையில். தறிக்கூடத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் உள்ள சாலையில் பெரும் பகுதி அவர் கையில். மின்சாரம் அவர் கையில். சிறு துறைமுகங்களில் அவருக்குப் பாத்தியதை உண்டு. ஒரு தாளுக்கு ஒரு கையெழுத்து என்று வரம்பு கட்டி, அதையும் இத்தனை நாளுக்குள் போடாவிட்டால் போட்டதாகவே கொள்ளப்படும் என்று சொல்வதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? வெளிநாட்டுக்குக் கோஷ்டி போவதும், ஹோட்டலில் மகாநாடு கூட்டுவதும், விளம்பரப் படம் எடுப்பதும் நல்ல காரியங்கள்தாம். 1077-ல் எழுபத்திரண்டு பேர் போனார்களே! ஆனால் போய் அழைத்து வந்தவனை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதல்லவா கேள்வி?

மோட்டுப்பல்லி எப்படி அழிந்தது என்று பெரியவர் கேட்டார். விஜயநகரத்தார் கைக்குப் போனது வரை சொன்னேன். அப்புறம் வடக்கே மசூலிப்பட்டணம் தலையெடுத்தது. கப்பல்கள் அங்கே போய்விட்டன. கப்பல்களுக்கு விசுவாசம் என்பதே கிடையாது. எங்கே அச்சமில்லையோ அங்கே போய்விடும். இங்கே மணல் மிஞ்சிற்று, கோயில் மிஞ்சிற்று, தூண் மிஞ்சிற்று.

வெயில் ஏறிவிட்டது. பெரியவர் மண்டபத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, "முப்பதில் ஒன்று என்றால், முப்பது ருமாலுக்கு ஒரு ருமால். இல்லையா பாபு?" என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சீராலாவிலிருந்து அரபு தேசத்துக்கு எண்ணெய் ருமால் போன நாளை அவர் குழந்தையில் பார்த்திருக்கிறார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"தர்மமான ராஜா" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்கள் மாமா கரையில் கொடுத்தது எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? "பதினான்குக்குப் பதினான்கு" என்றேன். கப்பல் முழுகவில்லை என்பதையும், கொட்டகையையும், கையெழுத்தையும், மழையையும், ஏலத்தையும் சொன்னேன். மாமா எழுதிய கடுதாசிக்காக மன்னிப்புக் கேட்டேன்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அது எங்களுக்கு அந்த வருஷமே தெரியும், பாபு. ஏலத்தில் எடுத்தவன் அந்தத் துணியைக் கொண்டுவந்து சீராலாக் கடைத்தெருவில்தான் விற்றான். எங்கள் வீட்டு நெசவு எங்களுக்குத் தெரியாதா? தெரியும் என்று உங்கள் மாமாவுக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்" என்றார். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.